டீ விலையைத் தாங்கிய சிமெண்டு பெஞ்சு

கரிசலூரணி பஸ் ஸ்டாண்டில் வாகை மரத்தடி சிமெண்டு பெஞ்சிலிருந்து முதல் ஆள் எழுந்து வேலைக்குப் போன அன்று, எதிரே இருந்த உச்சிமாகாளியின் டீக்கடைக் கரும்பலகையில் 'டீ 7.00' என்று எழுதியிருந்த சாக்பீஸ் எழுத்து, யாருடைய கையும் படாமல் தன்னைத்தானே அழித்துக்கொண்டு 'டீ 7.10' என்று எழுதிக்கொண்டது. அதைக் கண்ணாரப் பார்த்த நாலு பேரும் பத்துப் பைசாவுக்கு எங்கே போவது என்று உச்சிமாகாளியிடம் சண்டைக்குப் போனார்களே தவிர, சாக்பீஸ் எப்படித் தானாக எழுதுகிறது என்று ஒருவரும் கேட்கவில்லை.

அந்தப் பெஞ்சில் பன்னிரண்டு பேர் உட்காரலாம். பன்னிரண்டாவது ஆளுக்கு மட்டும் பாதி உடம்பு வெளியே தொங்கும். மழை பொய்த்து, பருத்தி போய், தீப்பெட்டி ஆபீசுகளும் வாரத்தில் பாதி நாள் கதவைச் சாத்திக்கொண்ட காலத்தில் (அந்தப் பக்கத்தில் தீப்பெட்டி செய்கிற இடத்துக்கு ஆபீஸ் என்றுதான் பெயர்), வேலையில்லாத பன்னிரண்டு ஆண்கள் காலை எட்டு மணிக்கு வந்து உட்கார்ந்து, ஒரு மணிக்குச் சாப்பிடப் போய், மூன்று மணிக்குத் திரும்பி வந்து, பொழுது சாயும் வரைக்கும் அமெரிக்காவைத் திருத்திக்கொண்டிருப்பார்கள். பெண்கள் அந்தப் பெஞ்சில் உட்கார்வதில்லை. அவர்களுக்கு வீட்டில் சும்மா இருப்பதற்கே நேரம் போதவில்லை. அப்போதெல்லாம் எல்லாம் மலிவு. தக்காளி கிலோ ஐந்து ரூபாய்க்குச் சீப்பட்டுக் கிடந்தது, ஆனால் அந்த ஐந்து ரூபாய் எவன் சட்டைப் பையிலும் கிடக்கவில்லை.

சித்திரை மாதம் வடக்கே ஒரு கம்பெனி, கோசலராமன் முதலாளியின் தீப்பெட்டி ஆபீசுக்கு லாரி லாரியாக ஆர்டர் கொடுத்தது. முதலாளி பெஞ்சுக்கு ஆள் அனுப்பினார். முதல் நாலு பேர் எழுந்தபோது விலைகள் பத்துப் பைசா, இருபது பைசா என்று மரியாதையாகத்தான் ஏறின. ஐந்தாவது ஆளுக்கு ஐம்பது பைசா. எட்டாவது ஆளுக்கு ஒரு ரூபாய். பதினோராவது ஆள் வேட்டியைத் தட்டிக்கொண்டு எழுந்தபோது கிர்ர்ரென்று பல்கூசும் சத்தத்தோடு சாக்பீஸ் தூள் கொட்ட, டீ பதினைந்து ரூபாயில் போய் நின்றது.

டீக்கடைப் பலகை மட்டும் என்றால் டீயைக் குடிக்காமல் இருந்துவிடலாம். சந்தையின் தகரப் பலகை, சலூன் கண்ணாடிக்கு மேல் பெயின்டால் எழுதிய கட்டிங் விலை, கண்டக்டர் கையிலிருந்த டிக்கெட்டுக் கட்டு, கோயில் அர்ச்சனைச் சீட்டு, கடைசியில் 'எச்சில் துப்பினால் அபராதம்' என்று பஞ்சாயத்து எழுதிவைத்த சுவர் வரைக்கும் எண்கள் தாமாக ஏறின. அபராதம் இருநூறு ஆனதும் ஊரே வெற்றிலை எச்சிலை வாய்க்குள் அடக்கிக்கொண்டு, கேட்ட கேள்விக்கு உம் கொட்டிக்கொண்டு நடந்தது. கல்யாண வீட்டில் நூற்றியொன்று மொய் எழுதியவர் பந்தியில் உட்கார்ந்து பாயசம் குடித்துவிட்டுத் திரும்புவதற்குள் நோட்டில் அது நூற்றைம்பத்தொன்று ஆகியிருக்கும்; இன்னொரு கரண்டி பாயசம் கேட்டு வாங்கிக் குடித்துவிட்டுப் பாக்கியைக் கொடுத்துவிட்டுப் போனார்கள். அதற்காக யாரும் அழுதுவிடவில்லை. சனிக்கிழமை தோறும் கையில் கூலி வந்தது, ஞாயிற்றுக்கிழமை தோறும் கறி வாசம் வந்தது, ஒரு கிலோ வாங்கப் போனவன் முக்கால் கிலோவோடு திரும்பி வந்தாலும் பையோடு வந்தான். வேலையும் வேண்டும், விலையும் பழையபடி இருக்க வேண்டும் என்று ஊர் ஆசைப்பட்டது. கூழுக்கும் ஆசை மீசைக்கும் ஆசை.

பெஞ்சில் மிஞ்சிய பன்னிரண்டாவது ஆள் வெயிலுகந்தன். முப்பத்தெட்டு வயது, நல்ல உயரம், யார் எதைச் சொன்னாலும் "செஞ்சிருவோம்" என்கிற வாய். அவன் மேல் ஊருக்கு ஒரு குறை உண்டு, அவன் கால் வைத்த தொழில் படுத்துவிடும். டூரிங் டாக்கீஸில் டிக்கெட் கிழிக்கப் போனான், மூன்றாம் மாதம் கொட்டகையைப் பிரித்தார்கள். போன் பூத்தில் உட்கார்ந்தான், அந்த வருஷமே ஊருக்கு செல்போன் வந்தது. கேசட் கடையில் நின்றான், கேசட்டே உலகத்தை விட்டுப் போனது. அதனால்தான் முதலாளியின் ஆட்கள் அவனைக் கடைசிக்கு ஒதுக்கிவைத்திருந்தார்கள். அந்தக் கடைசியும் வந்துவிட்டது, வருகிற திங்கட்கிழமை காலை வேலைக்கு வரச் சொல்லியிருந்தார்கள். அதற்குப் பரிந்து பேசியவள் செண்பகவடிவு.

வடிவு அதே ஆபீசில் பெட்டியில் குச்சி அடைப்பவள். ஒரு பிடி எடுத்தால் எண்ணாமலே நாற்பது இருக்கும். அவளுடைய அம்மா பூவுடையாளும் நாற்பது வருஷம் குச்சி அடைத்தவள், இப்போது வீட்டில் உட்கார்ந்து பெட்டி ஒட்டுகிறாள். வெயிலுகந்தன் கல்யாணப் பேச்சை எடுத்தபோது வடிவு வெட்கப்படவில்லை, நேராகவே சொன்னாள்.

"எங்க அப்பா இருவது வருசம் அந்தப் பெஞ்சுலதான் உக்காந்திருந்தாரு. எங்கம்மா குச்சி அடச்சுத்தான் எங்கள வளத்தா. எனக்கு மவராசன் வேண்டாம். முப்பது நாள், ஒரே வேலையில நின்னு காட்டுங்க. முப்பத்தி ஒண்ணாம் நாள் நான் கழுத்த நீட்டுதேன். ஆவணி கடைசி வரைக்கும் பாப்பேன். அதுக்கு மேல சாத்தூர்ல இருந்து வந்திருக்குற வரனுக்குச் சரின்னு சொல்லிருவேன்."

"செஞ்சிருவோம்" என்றான் வெயிலுகந்தன். இந்தத் தடவை அதை மனசாரச் சொன்னான்.

திங்கட்கிழமை காலை தூக்குவாளியில் தயிர்ச்சோறும் தேய்த்த சட்டையுமாகப் பெஞ்சுக்கு வந்து, பழகிய இடத்துக்கு ஒரு மரியாதையாகக் கடைசித் தடவை உட்கார்ந்து எழுந்தான். அவ்வளவுதான். பதினைந்திலிருந்த டீ இருபத்தெட்டுக்குத் தாவியது. சந்தையில் கத்தரிக்காய்க்காரி எடை போட்டுக்கொண்டிருந்தபோதே கிலோவுக்கு நாற்பது ரூபாய் ஏற, வாங்க வந்தவள் பையைக் கீழே போட்டாள். சலூனில் பாதி முகம் சிரைத்திருந்த ஒருவர், மீதிப் பாதியின் விலையைப் பார்த்துவிட்டுச் சோப்பு நுரையோடு தெருவுக்கு ஓடி வந்தார்.

"ஏ வெயிலு! உக்காரு! உக்காருடே!" என்று பஸ் ஸ்டாண்டே கத்தியது.

திடுக்கிட்டு உட்கார்ந்தான். டீ பதினைந்துக்கு இறங்கியது. மெல்ல எழுந்தான், இருபத்தெட்டு. உட்கார்ந்தான், பதினைந்து. தோப்புக்கரணம் போடுகிறவனைப் பார்ப்பதுபோல ஊரே பார்த்தது, அதற்குப் பிறகு பொழுது சாய்ந்து பெஞ்சு கலைகிற நேரம் வரைக்கும் அவனை எழுந்திருக்க விடவில்லை.

அன்று சாயங்காலமே கல்யாண மண்டபத்தில் கூட்டம் போட்டார்கள். கோசலராமன் முதலாளிதான் பேசினார். "பதினோரு குடும்பம் வேல பாத்துச் சாப்பிடணும்னா ஒரு ஆளு உக்காந்துதான் ஆவணும். அது தியாகம். தியாகத்துக்கு நம்ம வெயிலு மாதிரி அனுபவஸ்தன் எந்த ஊர்லயும் கெடையாது" என்றார். கைதட்டல் அடங்கியதும் வெயிலுகந்தன் தயங்கித் தயங்கி, "அப்ப என் வாழ்க்க?" என்று கேட்டான். ஊர் ஒன்றும் ஈவிரக்கம் இல்லாத ஊர் அல்ல. ஆபீசில் தருகிற சம்பளத்தை ஊர்ப் பொதுவிலிருந்து அவனுக்கே தருவதாகத் தீர்மானம் போட்டு, கையோடு முதல் வாரச் சம்பளத்தையும் தாம்பூலத் தட்டில் வைத்து நீட்டினார்கள். அவன் அதைத் தொட்டானோ இல்லையோ, வெளியே கிர்ர்ரென்று சத்தம். உட்கார்வதற்குச் சம்பளம் வாங்கினால் அதுவும் வேலைதானே, வேலை பார்ப்பவன் எப்படிச் சும்மா இருப்பவன் ஆவான்? தட்டைப் பிடுங்கிக்கொண்டு, இலவசமாகத் தரக்கூடியது எது என்று யோசித்து, கோயிலில் பரிவட்டமும் முதல் மரியாதையும் தந்தார்கள். அதுவரை முதல் மரியாதை வாங்கிக்கொண்டிருந்த முதலாளி பெருந்தன்மையாகச் சிரித்தார், இரண்டு நாள் ஜீரணம் ஆகவில்லை.

அப்போது வடிவு பின்வரிசையிலிருந்து, "ஏன், வேற யாரும் சும்மா இல்லையாக்கும்? உச்சிமாகாளி அண்ணாச்சி, ஒங்க வீட்டுல?" என்று கேட்டாள்.

"யாரு, பேச்சியா? அவ எப்பவும் வீட்டுல சும்மாதான இருக்கா தாயி. கடையில ஏதோ கூடமாட. பொம்பளைய எல்லாம் கணக்குல வராது" என்றார் உச்சிமாகாளி. அந்த நேரத்தில் அவருடைய மனைவி பேச்சியம்மாள் மண்டபத்துக்கு வெளியே, கூட்டம் குடித்துப் போட்ட அறுபது டீ கிளாஸ்களைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

உட்கார்ந்து தின்றால் மலையும் கரையும் என்பார்கள். வெயிலுகந்தன் உட்கார்ந்ததில் மலை ஒன்றும் கரையவில்லை, அவன்தான் கரைந்தான். வெளியூர்க்காரி ஒருத்தி, "தம்பி, இந்தப் பைய கொஞ்சம் பாத்துக்கப்பா" என்று வைத்துவிட்டுப் போக, அவன் பார்த்துக்கொண்டான், பார்த்துக்கொண்டது காவல் வேலை என்று கணக்காகி வெங்காயம் இரண்டு ரூபாய் ஏறியது. அதிலிருந்து அவனுக்கு யாரும் எதுவும் சொல்லக் கூடாது என்று கட்டுப்பாடு வந்தது. பக்கத்தில் யார் வீட்டுக் குழந்தையாவது தவழ்ந்து வந்தால் அவன் தூக்கக் கூடாது. மக்கர் செய்த டவுன் பஸ்ஸை ஊரே சேர்ந்து தள்ளியபோது அவன் கை தானாக நீண்டது, நாலு பேர் சேர்ந்து கையை மடக்கிப் பிடித்தார்கள். கொசு அடித்தால்கூடச் சுகாதார வேலையில் சேர்ந்துவிடுமோ என்ற பயத்தில் கொசுவுக்கு உடம்பைக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருந்தான். பதினோரு வருஷம் சுகமாக உட்கார்ந்திருந்த அதே பெஞ்சில், சும்மா இருப்பது இத்தனை கஷ்டம் என்று அவனுக்கு இப்போதுதான் தெரிந்தது, அதைவிட ஆச்சரியமாக, வேலைக்குப் போக வேண்டும் என்று அவனுக்கு உண்மையிலேயே ஆசை வந்துவிட்டது.

ஆனி போய் ஆடி வந்தது. ஆபீஸ் விட்டு வருகிற வழியில் வடிவு பெஞ்சுக்கு எதிரே நின்றாள்.

"நாள் போயிக்கிட்டே இருக்கு."

"நான் எந்திரிச்சா அரிசி ஏறுது வடிவு. ஊரு வயித்தெரிச்சல எப்பிடிக் கொட்டிக்கிடுறது?"

"ஊரு வயிறுக்கு நீங்க. என் வயிறுக்கு யாரு?"

பதில் தேடுவதுகூட ஒரு வேலையாகிவிடுமோ என்று அவன் பயந்தான்.

இந்தப் பேச்சைக் காது கொடுத்துக் கேட்ட பக்கத்துக் கடை டெய்லர், வெயிலுவுக்குக் கல்யாணம் நெருங்குகிறது, சட்டைக்கு அளவெடுக்க வரப்போகிறான் என்று ஒரு பேச்சுக்குச் சொல்லிவைத்தார். சந்தை வியாபாரிகள் யோசித்தார்கள். ஆவணியில் இவன் எழுந்துவிடுவான், எழுந்தால் விலை ஏறும், ஏறத்தான் போகிறது என்றால் ஆடியிலேயே ஏற்றினால் என்ன? யோசித்த மாத்திரத்தில் பலகைகள் ஏறத் தொடங்கின. வெயிலுகந்தன் உட்கார்ந்தபடியேதான் இருந்தான், டீ பதினைந்திலிருந்து பதினெட்டாகி, இருபத்திரண்டில் நின்றது. ஊருக்குக் கோபம் வந்தது. "உக்காந்திருக்க, ஆனா எந்திரிக்கணும்னு நெனச்சுக்கிட்டே உக்காந்திருக்க. அந்த நெனப்ப விடுவே" என்று அவனிடம் சொன்னார்கள். அவன் கண்ணை மூடிக்கொண்டு நினைக்காமல் இருக்கப் பார்த்தான். எழுந்திருப்பதை நினைக்கக் கூடாது என்று நினைக்க நினைக்க, முழங்கால்தான் துடித்தது.

தீப்பெட்டிக்கும் விலை ஏறியதில், வடக்குக் கம்பெனி ஆர்டரில் பாதியைக் குறைத்தது. மூன்று பேரை ஆபீஸிலிருந்து நிறுத்தினார்கள். அவர்கள் பழைய இடத்தில் வந்து உட்கார்ந்தபோது, பழைய வழக்கப்படி விலை இறங்கும் என்று ஊர் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தது. ஒரு பைசா இறங்கவில்லை. பெஞ்சிலும் ஆள், பலகையிலும் விலை. இரண்டு பக்கமும் நஷ்டப்படுகிற விவகாரத்தைக் கரிசலூரணி அதுவரை பார்த்ததில்லை, அதனால் எல்லாரும் சேர்ந்து வெயிலுகந்தனைத் திட்டினார்கள்.

ஆடி கடைசி வியாழக்கிழமை, சந்தை நாள். வடிவு அரை நாள் லீவு போட்டுவிட்டு வந்து பெஞ்சுக்கு முன்னால் நின்றாள். நாளைக்கு ஆவணி பிறக்கிறது. இன்று எழுந்தால்தான் முப்பது நாள் முழுசாக மிஞ்சும். முதலாளியின் கார் அந்த வழியாக வர, கையைக் காட்டி நிறுத்தினாள்.

"அண்ணாச்சி, ஊருக்கு ஒரு ஆளு உக்காரணும். அவ்வளவுதான?"

"அவ்வளவுதாம்மா."

"அது இவுகதான்னு எந்தச் சாமி சொல்லிச்சு? அம்மன் கோயில் வெளக்குக்கு வீட்டுக்கு ஒரு நாள்னு மொற வச்சு எண்ண ஊத்துதோம்லா? அதே மாதிரி பெஞ்சுக்கும் மொற வைங்க. மொத நாள் ஊர்லயே பெரிய வேல பாக்குற ஆளு உக்காரட்டும். பெரிய ஆளு உக்காந்தா வெலையும் பெருசா எறங்கும்லா?"

சந்தைக் கூட்டத்துக்கு அந்த நியாயம் பிடித்துப்போயிற்று. "முதலாளி உக்காரட்டும்! முதலாளி உக்காரட்டும்!" என்று குரல் கிளம்பியது. இரண்டு மாதமாகப் பரிவட்டத்தை இழந்திருந்த கோசலராமன் முதலாளிக்கும் அது கொஞ்சம் ருசித்தது. உட்கார்ந்திருந்த நாலு பேரையும் நகர்ந்து நிற்கச் சொன்னார்கள். நாலு பேரும் ஒன்றாய் எழுந்ததும் பலகை கிர்ர்ரென்று நாற்பதைத் தொட்டது. "பொறுங்க, இப்ப எறங்கும்" என்று முதலாளி துண்டை உதறி விரித்து, தியாகம் செய்கிறவர் முகத்தோடு பெஞ்சின் நடுவில் உட்கார்ந்தார்.

நாற்பது நாற்பதாகவே இருந்தது.

ஐந்து நிமிஷம் பார்த்தார்கள். உச்சிமாகாளி பலகையை ஒரு தட்டுத் தட்டினார். "கொஞ்சம் எந்திரிச்சு, மறுபடி உக்காருங்க முதலாளி" என்றார் சலூன்காரர். எழுந்தார். பலகை சும்மா இருந்தது. உட்கார்ந்தார். பலகை சும்மாவே இருந்தது. காலை பத்து மணிக்கு ஆபீசுக்கு வந்து, சுழல் நாற்காலியில் மூன்று பேப்பர் படித்து, பன்னிரண்டரைக்குச் சாப்பிடப் போகிற அவர் இதுநாள் வரைக்கும் எங்கே உட்கார்ந்திருந்தாரோ அங்கேயேதான் உட்கார்ந்திருந்தார் என்று சாக்பீஸ் முடிவு செய்துவிட்டது. "எனக்கு ஆபீஸ்ல வேல கெடக்கு" என்று முணுமுணுத்துவிட்டு முதலாளி காரில் ஏறினார், கார் ஊரணிக் கரையில் திரும்புகிற வரைக்கும் எல்லாரும் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தார்கள். அதற்குப் பிறகு சிரித்த சிரிப்பில் இரண்டு பேருக்குச் சுளுக்குப் பிடித்தது.

அந்தச் சிரிப்புக்கு நடுவில்தான், கழுவிய தண்ணீரைச் சாக்கடையில் கொட்ட வாளியோடு கடைப் பின்பக்கத்திலிருந்து பேச்சியம்மாள் வந்தாள். என்ன ஏது என்று அவளுக்குத் தெரியாது. விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து வடைக்கு ஆட்டி, தண்ணீர் தூக்கி, விறகு உடைத்து, முந்நூறு கிளாஸ் கழுவிய கால் அவளுடையது. வாகை மர நிழலில் ஒரு முழுப் பெஞ்சு காலியாகக் கிடந்தது. பதினெட்டு வருஷமாக எதிரேயே இருந்தும் அது காலியாக இருந்து அவள் பார்த்ததே இல்லை. வாளியைக் கீழே வைத்தாள். "ஸ்ஸப்பா, காலு வலிக்கு" என்று உட்கார்ந்தாள்.

பலகை ஒரு நிமிஷம் தடுமாறியது. பேச்சியம்மாள் உட்கார்வாள் என்று எந்த வியாபாரியும் முன்கூட்டி யோசித்திருக்கவில்லை, அவள் வேலை பார்க்கிறாள் என்றே யாருக்கும் தெரியாதபோது அவள் வேலையை நிறுத்துவாள் என்று யாருக்குத் தோன்றும்? சாக்பீஸ் தூள் மூட்டையாகக் கொட்ட, நாற்பது முப்பதாகி, பதினெட்டாகி, ஒன்பதாகி, 'டீ 6.50' என்று நின்றது. சந்தையில் தக்காளி இறங்கியது, கத்தரி இறங்கியது, சலூனில் கட்டிங் இறங்கியது, சுவரில் அபராதம் ஐம்பதாகிவிட, சித்திரையிலிருந்து வாயில் அடக்கிவைத்திருந்ததை எல்லாரும் ஒரே நேரத்தில் துப்பினார்கள்.

"ஏட்டி, என்ன உக்காந்துட்ட? கிளாசு கெடக்குல்லா?" என்று பதறினார் உச்சிமாகாளி.

"வே! அவுகள எழுப்பினீரு, கடைய அடிச்சு நொறுக்கிருவோம்!" என்று ஊரே அவர் மேல் பாய்ந்தது. ஆறரை ரூபாய் டீயைக் குடிக்க நூறு பேர் கடையை மொய்த்தார்கள். மொய்த்தவர்கள் மொய்த்தபடியே நின்றார்கள். டீ ஊற்றக் கிளாஸ் இல்லை, அடுப்புக்கு விறகு இல்லை, வடைக்கு மாவு இல்லை, அண்டாவில் தண்ணீர் இல்லை. டீ மலிவாக இருந்தது, டீதான் இல்லை.

"ஒரு ஆளு வாங்கப்பா! யாராச்சும் கிளாசு கழுவ வாங்க!" என்று உச்சிமாகாளி அழாத குறையாகக் கூவினார்.

வடிவு வெயிலுகந்தனைப் பார்த்தாள். அவன் பெஞ்சைப் பார்த்தான், பலகையைப் பார்த்தான், பயந்து பயந்து டீக்கடையை நோக்கி ஓர் அடி வைத்தான். பத்துப் பைசா ஏறியது. அவ்வளவுதான். பதினைந்து அடி நடந்து கடைக்குள் போய், சட்டைக் கையை மடக்கினான்.

"சம்பளம் என்னன்னு பேசிக்கிடுங்க" என்றாள் வடிவு வெளியிலிருந்து.

"கிளாசு கழுவுததுக்கு என்னம்மா சம்பளம்?"

"பதினெட்டு வருசமா நானும் அதத்தான் கேக்கணும்னு இருந்தேன்" என்றாள் பெஞ்சிலிருந்து பேச்சியம்மாள்.

உச்சிமாகாளி வாயைத் திறந்து, ஊரைப் பார்த்து, வாயை மூடி, ஆபீஸில் தருகிற அதே சம்பளத்தைச் சொன்னார். பலகையில் டீ எட்டு ரூபாய் ஆனது. அதைப் பார்த்து யாரும் சண்டைக்குப் போகவில்லை, கழுவிய கிளாஸில் குடிக்கிற டீக்கு எட்டு ரூபாய் கொடுக்கலாம் என்றுதான் எல்லாருக்கும் பட்டது.

பேச்சியம்மாள் அன்றைக்கு எழுந்திருக்கவில்லை. மறுநாள் அவளோடு கத்தரிக்காய்க்காரியும், அதற்கு மறுநாள் டெய்லர் வீட்டம்மாவும் வந்து உட்கார்ந்தார்கள். கோயில் விளக்குபோல வீட்டுக்கு ஒரு நாள் என்று முறை வந்தது, முறைக்காரியின் வீட்டில் அன்றைக்கு ஆம்பளை சமையல். எண்கள் ஒரு நாள் ஏறின, ஒரு நாள் இறங்கின. உப்பு மட்டும் தினமும் ஏறியது, அது சாம்பாரில்.

வெயிலுகந்தன் கால் வைத்த தொழில் படுத்துவிடும் என்று உச்சிமாகாளி தினமும் கல்லாவை இரண்டு தடவை எண்ணினார், கடை படுக்கவில்லை. ஆபீஸ் விட்டு வருகிற வடிவு தினமும் ஒரு டீ குடிப்பாள், கிளாஸை வெளிச்சத்தில் பிடித்து அழுக்கு இருக்கிறதா என்று பார்ப்பாள், "பத்து", "பதினேழு", "இருவத்தி நாலு" என்று எண்ணை மட்டும் சொல்லிவிட்டுப் போவாள். முப்பது என்று சொன்ன அன்றைக்கு அவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. சாத்தூர்க்காரர்களுக்கு மறுநாளே தகவல் போயிற்று.

முப்பத்தொன்றாம் நாள் காலை அம்மன் கோயிலில் தாலி கட்டிவிட்டு, மாலையும் கழுத்துமாக இருவரும் பஸ் ஸ்டாண்டு வழியாக வந்தார்கள். முறைப்படி அன்றைக்கு வடிவு வீட்டு நாள். நாற்பது வருஷம் குச்சி அடைத்து, விரல் நுனியெல்லாம் மருந்து ஏறிக் கறுத்துப்போன பூவுடையாள், பட்டுச்சேலை கசங்காமல் வந்து, பெஞ்சில் வலது ஓரமாக, தன் புருஷன் இருபது வருஷம் உட்கார்ந்து தேய்த்த இடத்தில் உட்கார்ந்தாள். பக்கத்தில் பேச்சியம்மாள் நகர்ந்து இடம் கொடுத்தாள். சாக்பீஸ் கிர்ர்ரென்று பலகையிலிருந்த எட்டை அழித்தது. அழித்துவிட்டு, அத்தனை வருஷ உழைப்பு உட்கார்ந்ததற்கு என்ன விலை போடுவது என்று தெரியாததுபோல, எதையும் எழுதவில்லை. ஊரே நின்று பார்த்தது, 'டீ' என்ற எழுத்துக்குப் பக்கத்தில் வெறும் கறுப்புத்தான் இருந்தது.

"மாப்ள" என்று கூப்பிட்டாள் பூவுடையாள். "ஒரு டீ. சீனி கூடப் போடுங்க."

வெயிலுகந்தன் மாலையைக் கழற்றி வடிவு கையில் கொடுத்துவிட்டுப் போய், கிளாஸை இரண்டு தடவை கழுவி, டீயை நன்றாக ஆற்றிக்கொண்டு வந்து கொடுத்தான். அவள் அவசரப்படவில்லை. ஊதி ஊதி, அடி மண்டியிலிருந்த சீனி வரைக்கும் குடித்து, கிளாஸைக் கீழே வைத்தாள். அதுவரைக்கும் பலகை எதையும் எழுதவில்லை.